ஒழுங்கைப் பந்தாட்டம் திரையில்: எந்தக் கேமை வாங்குவது?

நல்லூர்த் திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வரும் உறவினர்கள் பயணப்பெட்டி கட்டுவதற்கு முன் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளுள், "பெடியளுக்கு என்ன கேம் கொண்டு வாறது?" என்பதும் இடம்பிடித்துவிட்டது. உதைபந்தாட்டக் கேம் ஒன்று என்று பதில் சொன்னால், பெரும்பாலும் பதினொருவர் கொண்ட அணிகள் முழு மைதானத்தில் ஆடும் கேமே வந்து சேரும். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இரண்டு பேர் ஆட ஐந்து பேர் சுற்றி நின்று பார்க்கும் வீட்டில், நீண்ட ஆட்டமொன்று கோலே விழாமல் முடிந்தால், காத்திருப்பவர்களின் பொறுமைதான் முதலில் போகும். அத்தகைய வீடுகளுக்குத் தெருப் பந்தாட்டத்தை அடிப்படையாகக் கொண்ட, மெய்யான ஆட்டத்தை அப்படியே காட்டுவதைவிட விறுவிறுப்பை முன்வைக்கும் ஆர்கேட் வகைக் கேம்களே பொருந்தும். அந்த வகையில் இன்று தேடிப் பெறக்கூடியவை எவை, எந்த வீட்டுக்கு எதைத் தெரிவு செய்யலாம் என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன்.

இந்த வகையின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால், படத்தின் துல்லியத்தையும் வீரர்களின் பெயர்ப் பட்டியலையும் பார்த்து முடிவெடுக்க நேரிடும். இங்கே அவை இரண்டும் இரண்டாம் பட்சமே. வடக்கில் ஏழு பேர், ஒன்பது பேர் கொண்ட அணிகளுக்கான தொடர்கள் வழக்கமாக நடப்பவை என்பதால், சிறிய அணியின் சுவை நமக்குப் புதிதன்று. ஆட்கள் குறையக் குறையப் பந்து ஒவ்வொருவரின் காலுக்கும் அடிக்கடி வரும். ஒளிந்து நிற்க இடமிராது. ஒழுங்கையில் ஆடிப் பழகியவர்களுக்கு மதிலும் ஓர் ஆட்டக்காரன்தான். எதிரில் நிற்பவனைக் கடக்க முடியாதபோது, பந்தை மதிலில் சரித்து அடித்துவிட்டு, அவன் திரும்புவதற்குள் மறுபக்கத்தால் ஓடிப் போய் அதே பந்தை எடுத்துக்கொள்ளலாம். பந்து வெளியே போவதில்லை என்பதால் எறிதலும் இல்லை, மூலை உதையும் இல்லை, மூச்சு வாங்க நேரமும் இல்லை.

இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. முழு மைதான ஆட்டத்தில் எதிராளியின் இரு கால்களுக்கும் இடையால் பந்தை விட்டுக் கடப்பது, அது கோலுக்கு வழி திறந்தால் மட்டுமே பயன் தரும். ஒழுங்கையில் அதுவே ஒரு வெற்றி. கோல் விழாவிட்டாலும் மதிலில் இருப்பவர்கள் கூச்சலிடுவார்கள், கடக்கப்பட்டவனின் பெயர் அன்று மாலை முழுவதும் அடிபடும். நல்ல தெருப் பந்தாட்டக் கேம் என்பது இந்தக் கூச்சலுக்கும் புள்ளி கொடுக்கத் தெரிந்த கேம். ஆகவே ஒவ்வொன்றிலும் நான் பார்ப்பது: வித்தை காட்டுவதற்குக் கோலுக்கு அப்பால் ஒரு மதிப்பு உண்டா, ஒரே தொலைக்காட்சியின் முன் எத்தனை பேர் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடிக்கலாம், தோற்றவன் எவ்வளவு விரைவில் எழுந்து அடுத்தவனுக்கு இடம் கொடுக்கிறான் என்பனவே. விலை, இணையம், மின்சாரம் ஆகியவை இவற்றுக்குப் பின்னர் வரும்.

இந்த வகையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது 2005 இல் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் (இ.ஏ.) நிறுவனம் வெளியிட்ட பிஃபா ஸ்ட்ரீட். பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் ஆகியவற்றில் வந்த அந்தக் கேமில் அணிக்கு நால்வர். வித்தைகள் செய்து எதிராளியை ஏமாற்ற ஏமாற்ற ஒரு மானி நிரம்பும். அது நிரம்பியதும் கிடைக்கும் 'கேம்பிரேக்கர்' உதையைத் தடுப்பது கோல் காப்பாளருக்குப் பெரும்பாடு. கருத்தளவில் இது மிகச் சரியான தொடக்கம். ஆயினும் இன்று அதை எடுத்து ஆடுபவருக்கு, ஆட்டக்காரர்கள் பந்தோடு ஒட்டாமல் வழுக்கிச் செல்வது போலத் தோன்றும். வித்தைகள் பொத்தானை அழுத்தியதும் தாமாக நிகழ்பவையாகவும், ஆடுபவரின் கைத்திறனோடு அதிகம் தொடர்பற்றவையாகவும் இருக்கும். 2006 இல் வந்த இரண்டாம் பாகம் பந்தை ஆகாயத்தில் தட்டி விளையாடுவதற்குக் கூடுதல் இடம் கொடுத்தது. 2008 இல் வந்த மூன்றாம் பாகம் வீரர்களைக் கேலிச்சித்திரம் போல உருப்பெருக்கிக் காட்டியது. பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்று வீட்டில் ஏற்கெனவே தூசு பிடித்துக் கிடந்தால் முதலிரண்டில் ஒன்றைத் தேடி எடுக்கலாம். அதற்கென்று புதிதாக ஒரு பழைய இயந்திரத்தை வாங்கும்படி நான் சொல்லமாட்டேன்.

2012 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3 இற்கும் எக்ஸ்பாக்ஸ் 360 இற்கும் வெளிவந்த, மெஸ்ஸியை அட்டையில் கொண்ட பிஃபா ஸ்ட்ரீட்தான் இந்த ஒப்பீட்டின் நடுநாயகம் என்பது என் கருத்து. எண் எதுவும் இல்லாமல் முதலாவதன் பெயரையே தாங்கி வந்ததால், வாங்குபவர்கள் இரண்டையும் மாறி எடுத்துவிடுவதுண்டு. இறுவட்டின் பின்பக்கத்தில் ஆண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது முந்தையவற்றின் கேலிச்சித்திரப் பாணியைக் கைவிட்டு, அதே காலத்து முழு மைதானக் கேமின் இயக்கத்தை அடித்தளமாக எடுத்துக்கொண்டது. அதனால் பந்துக்கு எடை உண்டு, காலுக்குப் பிடிமானம் உண்டு. பிளேஸ்டேஷனில் எல்2 பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஆட்டக்காரன் நின்ற இடத்திலேயே பாதத்தின் அடியில் பந்தை வைத்துக்கொள்வான். அப்போது கருவியின் இடது குச்சியை மெல்ல அசைத்தால் பந்து வலமும் இடமும் உருளும், எதிராளி எந்தப் பக்கம் காலை நீட்டுகிறான் என்று பார்த்து மறுபக்கத்தால் விடலாம். இங்கே வெல்வது வேகம் அன்று, பொறுமை. எதிரில் கருவியைப் பிடித்திருப்பவன் பக்கத்துக் கதிரையில் இருக்கும் தம்பி என்றால், அவனுடைய அவசரத்தைத் தெரிந்து வைத்திருப்பதே பாதி வெற்றி. கணினி எதிராளியிடமோ இணையத்தில் வரும் முகமற்றவரிடமோ இந்தச் சுவை கிடைக்காது.

இதன் ஆட்டவகைகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்குவதா இல்லையா என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. ஐவர், அறுவர் அணிகளின் சாதாரண ஆட்டமும், மதில் இல்லாத, தவறுகளுக்குத் தண்டனை உள்ள ஃபுட்சால் ஆட்டமும் உண்டு. அவற்றோடு, கோல் அடித்த அணி ஒவ்வொரு கோலுக்கும் ஓர் ஆட்டக்காரனை வெளியே அனுப்ப வேண்டும், முதலில் ஆளில்லாமல் போகும் அணியே வென்றது என்றொரு வகை இருக்கிறது. வென்றுகொண்டிருப்பவன் கோலடிக்க அடிக்க அவனுடைய பலம் குறைகிறது. கடைசிக் கோலை அவன் ஒற்றை ஆளாக நின்று பலருக்கு எதிராக அடிக்க வேண்டும். பதினெட்டு வயது அண்ணனும் பத்து வயதுத் தங்கையும் ஒரே கேமை ஆடும் வீட்டில், யாரும் விட்டுக்கொடுக்காமலேயே ஆட்டத்தைக் கடைசிவரை உயிரோடு வைத்திருக்கும் விதியாக இதைவிட இலகுவான வேறொன்றை நான் கண்டதில்லை. 'பன்னா' விதி என்னும் மற்றொரு வகையில், எதிராளியை ஏமாற்றிக் கடப்பதற்கெல்லாம் புள்ளி சேரும். ஆனால் நீங்கள் ஒரு கோல் அடிக்கும்வரை அந்தப் புள்ளிகள் உங்கள் கணக்கில் ஏறாது, அதற்குள் எதிரணி கோலடித்தால் சேர்த்தது அத்தனையும் போய்விடும். இன்னும் ஒருவனைக் கடப்போமா, இப்போதே அடித்துவிடுவோமா என்ற சபலம் ஒவ்வொரு முறையும் எழும், பார்த்துக்கொண்டிருப்பவர்களும் ஆளுக்கொரு பக்கம் கத்துவார்கள். ஒழுங்கைக் கூச்சலுக்குக் கணக்கு வைத்த கேம் என்று நான் சொல்வது இதைத்தான்.

குறைகளும் உண்டு. நான்கு பேர் வரை ஒரே இயந்திரத்தில் ஆடலாம் என்றாலும், அதற்கு நான்கு கருவிகள் வேண்டும். பழைய பிளேஸ்டேஷன் 3 ஐ விற்பவர் ஒன்றைத்தான் கூட்டிக் கொடுப்பார். அணிகளும் வீரர்களும் 2012 இல் உறைந்து நிற்கிறார்கள், ஆகவே இன்றைய நட்சத்திரங்களைத் தேடும் சிறுவனுக்கு ஏமாற்றம் வரும். உங்கள் ஊர்ப் பெயரில் ஓர் அணியை உருவாக்கி, அதைச் சிறிய போட்டிகளிலிருந்து மேலே கொண்டுபோகும் வசதி இருப்பதால், அந்த ஏமாற்றம் நெடுநாள் நீடிக்காது என்றே நினைக்கிறேன். இதன் இணையப் பகுதியை நம்பி வாங்கக் கூடாது; வீட்டுக்குள் ஆடுவதற்கென்றே வாங்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4 இலும் 5 இலும் பிளேஸ்டேஷன் 3 இன் இறுவட்டுகள் ஓடா என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிளேஸ்டேஷன் 4 ஏற்கெனவே உள்ள வீட்டில் கேள்வி வேறு. அங்கே வெகு இலகுவான வழி, 2019 இல் வந்த பிஃபா 20 இன் இறுவட்டு ஒன்றை எடுப்பது. அதிலேதான் 'வோல்டா' என்ற பெயரில் தெருப் பந்தாட்டம் ஒரு பகுதியாகத் திரும்பி வந்தது. கோல் காப்பாளர் இல்லாத மூவர் ஆட்டம், நால்வர், ஐவர், ஃபுட்சால் எனப் பல அளவுகளில் ஆடலாம். டோக்கியோவின் கூரை மாடியிலும் ஆம்ஸ்டர்டாமின் பாலத்தடியிலும் களங்கள் உண்டு. தனியாக ஆடுபவருக்கு ஒரு கதையும் உண்டு. அதே இறுவட்டில் முழு மைதான ஆட்டமும் இருப்பதால், அண்ணன் தம்பிகளுக்குள் எதை வாங்குவது என்ற வழக்குத் தீர்ந்துவிடும். ஒரே பணத்துக்கு இரண்டு கேம் என்ற கணக்குப் போடும் தந்தைமாருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

ஆனால் வோல்டாவில் வித்தைக்குத் தனிப் புள்ளி இல்லை. பிஃபா 20 இல் கடைசியில் கோல்தான் கணக்கு. முழு மைதானத்து ஆட்டக்காரர்களைச் சிறிய களத்தில் இறக்கிவிட்டது போன்ற ஒரு கனம் அதில் எப்போதும் தெரியும். பின்வந்த ஆண்டுகளில் அது மேலும் மேலும் இணையத்தை நோக்கிச் சாய்ந்தது, பிஃபா 22 இல் கதைப் பகுதியும் நீக்கப்பட்டது. ஆகவே பக்கத்தில் இருந்து ஆடுவதுதான் நோக்கமென்றால், புதியதே நல்லது என்ற எண்ணத்தைக் கைவிட்டுப் பிஃபா 20 ஐயே கேட்க வேண்டும். இதில் வேறு இரண்டு பொறிகள் இருக்கின்றன. நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த பிஃபா 20 இல் வோல்டா கிடையவே கிடையாது. அட்டைப் படத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிஃபா தொடர் பின்னர் 'எஃப்சி' என்று பெயர் மாறியது; அதன் எஃப்சி 25 இலிருந்து வோல்டா கைவிடப்பட்டு, அதன் இடத்தில் 'ரஷ்' என்ற ஐவர் ஆட்டம் வைக்கப்பட்டது. நால்வரை ஆட்களும் கோல் காப்பாளரைக் கணினியும் இயக்கும் அந்த ஆட்டத்தில் ஓஃப்சைட் கோலருகிலுள்ள மூன்றிலொரு பகுதியில் மட்டுமே பார்க்கப்படும், நீல அட்டை காட்டப்பட்டவர் ஒரு நிமிடம் வெளியே நிற்க வேண்டும். விறுவிறுப்பானதுதான், எனினும் அது புல் தரையில் ஆடும் சிறிய உதைபந்தாட்டம். மதிலும் இல்லை, தெருவும் இல்லை. தெருப் பந்தாட்டம் வேண்டுமென்று சொல்லி அனுப்பியவருக்கு மிகப் புதிய பதிப்பு வந்து சேர்ந்தால், கொண்டுவந்தவர் மீது குற்றமில்லை, சொல்லி அனுப்பியது போதவில்லை.

2025 ஜூனில் வந்த ரீமேட்ச் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பிரான்ஸ் நாட்டு ஸ்லோகிளாப் நிறுவனத்தின் இந்தக் கேம் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கணினி ஆகியவற்றுக்கானது. ஒருவர் ஒரே ஓர் ஆட்டக்காரனை மட்டும் இயக்குகிறார். அவனுடைய முதுகுக்குப் பின்னாலிருந்து களத்தைப் பார்க்கிறார். ஃபவுல் இல்லை, ஓஃப்சைட் இல்லை, பந்து சுவரில் பட்டுத் திரும்பும், கோலருகே பின்வாங்கி நிற்பவர் எவரோ அவரே அந்நேரத்துக் காப்பாளர். பந்தை எங்கே செலுத்துவது என்பதை ஆடுபவரே குறிபார்க்க வேண்டும். கணினி உதவி செய்து காலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. மெய்யான ஊர்ப் பந்தாட்டத்துக்கு உணர்வில் மிக அண்மையில் நிற்பது இதுவே. ஐந்து பேரில் ஒருவன் பந்தைக் கொடுக்காமல் தானே ஓடினால் மற்ற நால்வருக்கும் வரும் எரிச்சல் உட்பட எல்லாம் அப்படியே இருக்கிறது.

அத்தனை இருந்தும் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு இதை முதல் தெரிவாகச் சொல்லத் தயங்குகிறேன். ஒரே தொலைக்காட்சியில் இருவர் சேர்ந்து ஆட முடியாது, ஆட்டம் இணையத்தில்தான். ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில், தனி அறையில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகனுக்கு இது சரி. கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் ஆடினால், சேவையகம் கடல் கடந்து இருப்பதால் உதை அரைக்கணம் பிந்தும். குறிபார்த்து அடிக்க வேண்டிய கேமில் அந்த அரைக்கணம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சுற்றியிருந்து பார்ப்பவர்களுக்கோ இதில் முறை வருவதற்கு வாய்ப்பே இல்லை.

சிறு பிள்ளைகள் கூடுதலாக உள்ள வீட்டுக்கு, பணம் ஒரு தடையில்லை என்றால், 2022 இல் ஸ்விட்சுக்கு வந்த மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ்: பட்டில் லீக் நல்ல தெரிவு. ஒரே இயந்திரத்தில் எட்டுப் பேர் வரை ஆடலாம். ஸ்விட்சோடு வரும் இரண்டு ஜொய்-கொன் கருவிகளைப் பிரித்து ஆளுக்கொன்றாகப் பிடித்தாலே இருவர் ஆடத் தொடங்கிவிடலாம் என்பதால் மேலதிகச் செலவு உடனடியாக வராது. இடித்து வீழ்த்துவது இங்கே குற்றமில்லை. களத்தைச் சுற்றி மின்வேலி, அதில் தள்ளிவிட்டால் எதிராளி அதிர்ந்துபோவான். சிறப்பு உதை ஒன்று சரியாக விழுந்தால் இரண்டு கோலாகக் கணக்கிடப்படும். கால் வித்தையை விடக் கலவரமே இதன் சுவை. பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது போதும், அதற்கு மேற்பட்டவர்கள் சில வாரங்களில் சலித்துவிடக்கூடும்.

ரொக்கெட் லீக் 2020 செப்டெம்பரிலிருந்து இலவசம். திரையைப் பிரித்து நால்வர் ஆடலாம். சுவரில் ஏறிப் பந்தடிக்கலாம். ஆனால் கார்கள் ஆடும் பந்தாட்டத்தில் கால் இல்லை. செலவின்றி எதையாவது தொடங்க விரும்புபவர்கள் முயன்று பார்க்கலாம் என்பதற்கு மேல் இங்கே அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. கைபேசியில் ஆடும் கேம்களை நான் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை: ஒரு திரையைச் சுற்றிக் கூடுவதே இந்த வகையின் உயிர் என்று கொண்டால், ஆளுக்கொரு சிறு திரையைப் பார்த்துக் குனிந்திருப்பது வேறொரு பொழுதுபோக்கு.

ஆகவே நாலைந்து பேர் கூடும் வீட்டுக்கும், மாலையில் பெடியள் சேரும் சனசமூக நிலையத்துக்கும், பழைய பிளேஸ்டேஷன் 3 ஒன்றும் 2012 இன் பிஃபா ஸ்ட்ரீட்டும் என்பதே என் தெரிவு. எக்ஸ்பாக்ஸ் 360 இலும் அதே கேம்தான் என்றாலும், நம்முடைய நிலையில் பிளேஸ்டேஷன் 3 ஐ முன்னே வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 3 கேம்களுக்குப் பொதுவாக நாட்டுப் பூட்டு இல்லை. பெரியப்பா கனடாவில் வாங்கிய இறுவட்டு, சித்தி பிரான்சிலிருந்து கொண்டுவந்த இயந்திரத்தில் ஓடும். எக்ஸ்பாக்ஸ் 360 இல் அது கேமுக்குக் கேம் மாறும், பிளேஸ்டேஷன் 2 இல் பூட்டு உறுதியாகவே உண்டு. பழைய பெட்டித் தொலைக்காட்சியில் மூவண்ணக் கம்பியாலும், புதியதில் எச்.டி.எம்.ஐ. கம்பியாலும் பொருத்தலாம் என்பதும் ஒரு வசதி.

மின்னழுத்தம் பற்றி உறவினருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. இயந்திரத்தின் அடியிலோ பின்பக்கத்திலோ உள்ள ஒட்டியில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் செருகியை மாற்றினாலே போதும். 120 என்று மட்டும் இருந்தால் மின்மாற்றி இல்லாமல் செருகவே கூடாது. வட அமெரிக்க எக்ஸ்பாக்ஸ் 360 இன் செங்கல் போன்ற மின்வழங்கியில் இந்த அபாயம் கூடுதல்.

யாழ்ப்பாணக் கடையொன்றிலேயே பாவித்த இயந்திரத்தை வாங்குவதானால், படம் வருகிறது, இறுவட்டு வாசிக்கிறது என்பதோடு திருப்திப்பட்டுவிடாமல், கருவியின் வலது குச்சியைச் சோதிக்க வேண்டும். கால் வித்தைகள் எல்லாம் அந்தக் குச்சியில்தான் இருக்கின்றன. முழு மைதானக் கேமில் ஆண்டுக்கணக்கில் உழைத்த கருவியில் அது தளர்ந்திருந்தாலும் விற்பவருக்குத் தெரிந்திராது. கடையில் நின்றபடியே கேமைப் போட்டு, எல்2 ஐ அழுத்திப் பந்தைப் பாதத்தின் கீழ் நிறுத்திவிட்டு, வலது குச்சியை நான்கு பக்கமும் முழுவதாகச் சுழற்றிப் பாருங்கள். கையை எடுத்த பின்னும் ஆட்டக்காரன் தானாக ஏதாவது செய்துகொண்டிருந்தால் அந்தக் கருவியை மாற்றித் தரச் சொல்ல வேண்டும், இரண்டாவது கருவியையும் இதே முறையில் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.